'ஏர்வாடி கேஸ்'னு சொல்லிட்டேன், இப்ப என்ன பண்றது?

ஆத்தங்கரை | செவ்வாய், இரவு 11:08

யாராவது நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. எங்க டீம்ல பதினோரு பேர். ஒரு கிளையன்ட் தினம் ஒரு மாத்தம் சொல்லுவார், நேத்து வேணாம்னதை இன்னைக்கு வேணும்பார். போன வெள்ளிக்கிழமை கால் முடிஞ்ச கையோட நான் சத்தமா, "இந்தாளு சரியான ஏர்வாடி கேஸு, சங்கிலி போட்டுக் கட்டினாத்தான் அடங்குவாரு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எதிர் சீட்டு அண்ணனும் சிரிச்சார், நான் பார்த்தேன்.

நேத்து லிஃப்ட்கிட்ட வேற ஒருத்தன் சொல்றான், அந்த அண்ணனோட அக்காவைச் சின்ன வயசுல ஏர்வாடிப் பக்கம், மனசு சரியில்லாதவங்களை வைக்கற ஒரு கொட்டகையில எட்டு மாசம் விட்டிருந்தாங்களாம். சங்கிலியோடதான். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. இப்ப மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு அம்மாகூட நல்லா இருக்காங்க. கணுக்கால்ல தழும்பு மட்டும் இருக்காம்.

நேத்துலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. போய் மன்னிப்புக் கேட்டா, 'உனக்கு எப்படித் தெரியும்'னு கேப்பார், சொன்னவன் மாட்டிப்பான். கேக்காம விட்டா தினமும் எதிர்ல அந்த முகம். ஆனா அவரும் சிரிச்சாரே?

---

வெட்டிவேந்தன் | செவ்வாய், இரவு 11:31

சிரிச்சார்ல? அப்ப முடிஞ்சுது, விடுங்க பாஸ். நீங்க அவரையா சொன்னீங்க? கிளையன்டைத்தானே சொன்னீங்க. இப்பல்லாம் வாயைத் திறந்தா யாருக்காவது சுருக்குனு ஆயிடுது. நாளைக்கு 'லூசு'ன்னு கூடச் சொல்லக் கூடாதுன்னுவாங்க. எங்க அம்மா என்னைக் கூப்பிடறதே அப்படித்தான்.

---

உப்புக்காத்து | புதன், காலை 6:50

ஆத்தங்கரை தம்பி, எனக்கு ஏர்வாடிதான் சொந்த ஊரு. ராமநாதபுரம் மாவட்டத்துல, மனசு சரியில்லாதவங்களைக் குணமாகணும்னு கூட்டிட்டு வர்ற தர்கா இருக்கற ஊரு. உங்க ஆபீஸ் அண்ணனை விடுங்க, எங்க ஊரு ஆளுக யாருகிட்டயாவது கேட்டுப் பாருங்க. காலேஜ் முதல் நாள் எந்திரிச்சு நின்னு பேரும் ஊரும் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். வகுப்பே சிரிச்சுச்சு. பெஞ்ச்ல பக்கத்துல இருந்தவன் கொஞ்சம் தள்ளி உக்காந்து காட்டினான், அதுக்கு இன்னொரு சிரிப்பு. அதுக்கப்புறம் மூணு வருசம் நான் 'கீழக்கரை பக்கம்'னே சொல்லிக்கிட்டேன். கல்யாணப் பத்திரிகையிலதான் ஊரு பேரை முழுசா போட்டேன்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியக்காலை. நான் அப்ப எட்டாவது. ஓலைக் கொட்டகை, உள்ள ஆளுகளைச் சங்கிலியில கட்டியிருந்தாங்க. தீ புடிச்சப்ப ஓட வழியில்ல. 28 பேரு. எங்க வாப்பாவும் பக்கத்து வீட்டாளுகளும் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினது எனக்கு நினைவிருக்கு. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல யாரும் பேசிக்கல.

அதனால 'சங்கிலி போட்டுக் கட்டணும்'னு ஒருத்தர் சிரிப்புக்குச் சொல்றப்ப உங்களுக்கு ஒரு கிறுக்கன் படம் வரும். எனக்கு அந்தக் குடம் வரும்.

இன்னொண்ணு. தர்கா வேற, அந்தக் கொட்டகைக வேற. எல்லா ஊர்லேர்ந்தும் எல்லா மதத்து ஆளுகளும் நம்பிக்கையோட வர்ற எடம் தர்கா. பக்கத்துல ஆளுக்கு இவ்வளவுன்னு மாசக் காசு வாங்கிக்கிட்டுக் கட்டிப் போட்டது தனி யாவாரம். ரெண்டையும் ஒண்ணாக்கி எங்க ஊரைத் திட்டு வார்த்தையாக்கியாச்சு.

---

ஆத்தங்கரை | புதன், காலை 8:15

அண்ணே, மன்னிச்சிருங்க. 2001ல நான் ஒண்ணாப்பு. ஏர்வாடின்னா எனக்கு சினிமா காமெடியில கேட்ட வார்த்தை, அவ்வளவுதான். தீப்பிடிச்சதுன்னு ஏதோ கேள்விப்பட்டிருக்கேன், ஆனா இந்த வார்த்தையோட அதைச் சேத்து யோசிச்சதே இல்ல. 'சங்கிலி'ன்னு நானா சேத்த மாதிரி இருந்துச்சு. இப்பதான் தெரியுது, அது அந்த வார்த்தைக்குள்ளயே இருந்திருக்கு.

---

டேங்க்ரோடு அக்கா | புதன், மதியம் 2:20

நான் முப்பது வருஷம் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில நர்ஸ். வீடும் கீழ்ப்பாக்கம்தான். ஆட்டோ ஏறி 'கீழ்ப்பாக்கம், மேடவாக்கம் டேங்க் ரோடு'ன்னு சொன்னா டிரைவர் கண்ணாடியில ஒரு பார்வை பார்ப்பார் பாருங்க! 'விசிட்டரா, பேஷன்ட்டாம்மா?'ன்னு ஒருத்தர் கேட்டே விட்டார். 'ஸ்டாஃப்பு'ன்னேன். 'ரெண்டும் ஒண்ணுதான்'னார். நானும் சிரிச்சேன். (வெட்டிவேந்தன் தம்பி கவனிக்கணும்: நானும் சிரிச்சேன்.)

அந்த ஆஸ்பத்திரி 1794லேர்ந்து இருக்கு. அசைலம்னு ஆரம்பிச்ச பேர் மென்டல் ஹாஸ்பிடல்னு மாறி, அப்புறம் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மென்டல் ஹெல்த் ஆச்சு. வாசல் போர்டை எத்தனை தடவை மாத்தினாலும் ஜனங்க ஏரியா பேரையே வசவா வச்சுக்கிட்டாங்க. ஏரியா பேரை எந்த சர்க்கார் மாத்தும்? திருச்சிப் பக்கம் போனா குணசீலம். அங்க கோயில்ல ஒரு மண்டலம், 48 நாள், தங்க வச்சுப் பார்ப்பாங்க. அதையும் 'உன்னைக் குணசீலத்துக்குத்தான் கூட்டிப் போகணும்'னு ஆக்கியாச்சு. யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊர்ல மனசு சரியில்லாதவங்களை எங்கெல்லாம் நம்பிக் கூட்டிட்டுப் போனோமோ, அந்த இடம் அத்தனையும் இன்னைக்குக் கெட்ட வார்த்தை.

இதனால யாருக்கு என்ன நஷ்டம்னு நான் பார்த்திருக்கேன். ஒரு அம்மா, காலேஜ் படிக்கிற பையன். ராத்திரி தூங்கல, சுவரோட பேசறான், சாப்பாட்டுல விஷம்ங்கறான். முதல் மாசமே கூட்டிட்டு வந்திருந்தா அவன் ஒரு செமஸ்டர்தான் விட்டிருப்பான். ரெண்டரை வருஷம் கழிச்சு வந்தாங்க. நடுவுல மந்திரிச்சது, தாயத்து, ஜோசியம் எல்லாம் பார்த்தாச்சு. 'ஏம்மா இவ்வளவு நாள்?'னு கேட்டேன். 'கீழ்ப்பாக்கம் போயிட்டு வந்தான்னு தெரிஞ்சா தங்கச்சிக்கு வரன் வராதும்மா'ன்னாங்க. அந்த அம்மா எந்த டாக்டருக்கும் பயப்படல. ஒரு வார்த்தைக்குப் பயந்தாங்க.

சங்கிலி பத்திச் சட்டமும் சொல்லிடறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல 95ஆவது பிரிவு, யாரையும் எந்த வகையிலயும் சங்கிலியால கட்டக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. ஏர்வாடி தீக்கும் அந்த வரிக்கும் நடுவுல பதினாறு வருஷம்.

---

வெட்டிவேந்தன் | புதன், மதியம் 3:02

அக்கா, உங்க அனுபவத்துக்கு மரியாதை. ஆனா மொழின்னா மாறத்தான் செய்யும். 'லூசு'ன்னு சொல்றப்ப யாரும் நோயாளியை நினைக்கறதில்ல. 'நொண்டிச் சாக்கு'ன்னா சப்பைக் காரணம்னு அர்த்தம், அவ்வளவுதான். எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு ஆளைத் தேடிப் போனா தமிழ்ல பாதி அகராதி காலி.

---

மூணுசக்கரம் | புதன், மாலை 5:47

பின்னாடி ஆளைத் தேட வேணாம் தலைவா, முன்னாடியே உக்காந்திருக்கேன்.

எனக்கு ரெண்டு வயசுல போலியோ. எங்க தெருவுல இன்னொரு செந்தில் இருந்தான். அதனால நான் 'நொண்டி செந்தில்'. போஸ்ட்மேன்கூட அப்படித்தான் கேட்டு வருவார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, சத்தியமா. அடையாளம் சொன்னாங்க. வேடிக்கை என்னன்னா அந்த இன்னொரு செந்தில் எட்டாங்கிளாஸோட குடும்பத்தோட திருப்பூர் போயிட்டான். இப்ப தெருவுல நான் ஒரே செந்தில். இன்னும் 'நொண்டி செந்தில்'தான்.

சர்க்கார் 2010ல 'ஊனமுற்றோர்'னு இருந்ததை 'மாற்றுத்திறனாளி'ன்னு மாத்தினாங்க. கலைஞர் கொண்டு வந்த சொல். நல்ல சொல்தான், குறை சொல்லல. ஆனா எனக்கு அதுல ஒரு சின்னக் கூச்சம் உண்டு. என்ன மாற்றுத் திறன்னு யாராவது கேட்டா நான் என்ன வித்தை காட்டறது? எங்க ஊர்ல சான்றிதழ் வாங்கற ஆபீஸ் முதல் மாடி, லிஃப்ட் இல்ல. அங்க போர்டுல 'மாற்றுத்திறனாளி'ன்னு மரியாதையாத்தான் எழுதியிருக்கு.

சட்டம் கேட்டா சட்டமும் இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 92ஆவது பிரிவு. பொது இடத்துல வேணும்னே அவமானப்படுத்தினா ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டும் சினிமாவுல எங்களைக் காட்டற விதத்தைப் பத்தி, எந்த மாதிரி வார்த்தை தள்ளணும்னு வழி சொல்லி ஒரு தீர்ப்புக் கொடுத்துச்சு. ஆனா நான் என்ன, எங்க தெரு டீக்கடைக்காரர் மேல கேஸா போடப் போறேன்? அவர்தான் மழை பெஞ்சா என் வண்டியைத் தள்ளிக் கொண்டு வந்து விடறவர்.

'நொண்டிச் சாக்கு' பத்திச் சொல்றேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல லேட்டாப் போனேன், பஸ்ல படி உசரம், ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன். மேனேஜர் நல்ல மனுஷன், வாய் தவறி, 'நொண்டிச் சாக்கெல்லாம் சொல்லாதீங்க செந்தில்'னார். சொன்ன உடனே அவர் முகம் வெளிறிப் போச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? சிரிச்சேன். 'சார், என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதானே சார்'னேன். அவரைக் காப்பாத்தணுமே!

ஆத்தங்கரை, உங்க அண்ணன் சிரிச்சதும் அதுதான். அந்த நேரத்துல சிரிக்கறதுதான் சுலபம்.

---

சொல்லாய்வி | புதன், இரவு 9:10

வெட்டிவேந்தன் சொல்வதில் பாதி உண்மை உண்டு. சொற்பொருள் மாறும். 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணம். 'சேரி' என்பது சேர்ந்து வாழும் இடம், அவ்வளவே. சோழர் காலத்துப் பிரமதேய ஊர்களிலும் சேரிகள் இருந்தன, பிராமணர்கள் அங்கே குடியிருந்தனர். புதுச்சேரியையும் வேளச்சேரியையும் யாரும் இழிவாகச் சொல்வதில்லை. ஆனால் 'சேரி பாஷை' என்றால் உடனே வேறு பொருள்.

இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று. 'நாற்றம்' இழிந்தபோது எந்தப் பூவும் வருந்தவில்லை. ஒரு குலத்தின் பெயரோ, ஊரின் பெயரோ, உடலின் நிலையோ இழியும்போது அந்தப் பெயரைச் சுமப்பவர் உயிரோடு இருக்கிறார். பறை என்றால் சொல், பறை என்றால் முரசு. அதிலிருந்து வந்த ஒரு குலப்பெயர் ஆங்கிலத்துக்குப் போய் 'pariah' ஆகி, ஒதுக்கப்பட்டவர் எல்லோருக்கும் பொதுச் சொல்லாகி, இன்று உலக அரசியல் கட்டுரைகளில் நாடுகளைக்கூட அப்படி எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்கு அது தமிழ் என்றே தெரியாது.

---

கிழக்குத்தெரு | புதன், இரவு 9:58

தெரியாதுன்னு சொல்றது வெளிநாட்டுக்காரனுக்கு வேணா பொருந்தும்.

'அடச் சண்டாளா'ன்னு சொல்லாத வீடு இருக்கா? எங்க வீட்லயே சொல்லுவாங்க. தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகள் மொத்தம் 76, அதுல அந்தப் பேரும் ஒண்ணு. தாலுகா ஆபீஸ் கவுன்டர்ல நின்னு சாதிச் சான்றிதழுக்கு அந்தப் பேரைச் சொல்லணும், பின்னால பத்து பேர் க்யூவுல. 2024ல ஒரு அரசியல் மேடைப் பாட்டு பிரச்சினை ஆனப்ப, ஆதிதிராவிடர் ஆணையமே 'இதை வசவா, நையாண்டியா பயன்படுத்தாதீங்க'ன்னு சொல்ல வேண்டி வந்துச்சு.

அப்புறம் 'காலனி'. 'காலனிப் பசங்க'ன்னு சொன்னா யாரைன்னு எல்லாருக்கும் தெரியும். போலீஸ் காலனி, பேங்க் காலனி பசங்களை யாரும் அப்படிச் சொல்லிப் பார்த்ததில்ல. 2025 ஏப்ரல்ல அந்தச் சொல்லையே அரசு ஆவணத்துலேர்ந்தும் பொதுப் புழக்கத்துலேர்ந்தும் எடுக்கப் போறோம்னு முதலமைச்சர் சட்டசபையில சொன்னார். எங்க அப்பா டிவியில அதைக் கேட்டுட்டு, "அட்ரஸை மாத்துவாங்க. பஸ்ஸைத் திருப்புவாங்களா?"ன்னார். எங்க தெருவுக்குப் பஸ் வராது, மெயின் ரோட்லயே திரும்பிரும்.

காலேஜ்ல என் ரூம்மேட் தங்கமான பையன். காய்ச்சல்ல எனக்குக் கஞ்சி வச்சுக் கொடுத்தவன். ஆனா கிரிக்கெட்ல எவனாவது கேட்ச் விட்டா அவன் வாயில வர்றது ஒரு சாதிப் பேர்தான். அது யார் சாதின்னு யோசிச்சுச் சொன்னது இல்ல. நான் ஒரு தடவைகூட அவன்கிட்ட சொல்லல. இப்பவும் நண்பன்தான். அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிட்டு வந்தேன். அந்த ஒரு விஷயம் மட்டும் தொண்டையிலயே நிக்குது.

---

நெறியாளர் | புதன், இரவு 10:05

இழை நல்லா போகுது. ஒரு வேண்டுகோள்: உதாரணத்துக்குன்னு சாதி வசவுகளை அடுக்கிக்கிட்டே போகாதீங்க. மேல ஒருத்தர் போட்ட 14 வார்த்தைப் பட்டியலை எடுத்துட்டேன்.

---

சாக்பீஸ் | வியாழன், காலை 7:12

ஆறாம் வகுப்பு ஆசிரியை. எங்க வகுப்புல ஒன்பதாம் நம்பர் வருகைப் பதிவு யாருக்கு வருதோ அவனுக்கு வருஷம் முழுக்கத் தண்டனை. 'ஒன்பது'ன்னு கூப்பிட்டதும் 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லணும்ல, அதுக்குள்ள வகுப்பு பூரா ஒரு உறுமல். ஒரு பையன் பதிலே சொல்லாம கையை மட்டும் தூக்குவான். திருநங்கைகளைக் கேலி பண்ணத்தான் அந்த எண்ணைச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியவே ரெண்டு வாரம் ஆச்சு. 'திருநங்கை'ன்னு ஒரு மரியாதையான சொல் வந்து, 2008ல வாரியம் அமைச்சு, 2022ல இந்த மாதிரி சொற்களுக்கெல்லாம் கௌரவமான தமிழ்ச் சொல்தொகுதி அரசிதழ்லயே வந்தாச்சு. பதினோரு வயசுப் பசங்க வாயில எண் ஒன்பது இன்னும் வசவாத்தான் இருக்கு.

நான் பண்ணினது ஒண்ணுதான். நம்பரை விட்டுட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகுது. அறிவுரை எதுவும் சொல்லல, சொன்னா அந்தப் பையனைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க.

---

லயத்துப்பேத்தி | வியாழன், காலை 11:40

பாட்டி பொறந்தது இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல. டவுனுக்குப் போனா 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி'. சொன்னதுல பாதிப் பேர் தமிழ் பேசறவங்கதான்னு பாட்டி சொல்லும். 1948ல அங்க குடியுரிமை போச்சு, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல 'இந்தியாக்காரங்க'ன்னு கணக்குப் போட்டு இங்க அனுப்பினாங்க. கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துல மறுபடியும் கொழுந்து பறிக்கற வேலை. இங்க வந்து இறங்கின அன்னைலேர்ந்து 'சிலோன்காரி'. அறுபது வருஷத்துல பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கடைக்காரர் ஒருத்தர்தான். அவர் செத்தப்ப பாட்டி அழுதுச்சு.

---

வெட்டிவேந்தன் | வியாழன், மதியம் 1:15

சரி, நான் தோத்துட்டேன்னு சொல்ல மாட்டேன். அம்மா 'லூசு'ன்னு கூப்பிடறதுல எனக்கு இன்னமும் பாசம்தான் தெரியுது. ஆனா அந்த ஒன்பதாம் நம்பர் விஷயம்... எங்க வகுப்புல உறுமினவங்கள்ல நானும் உண்டு. அந்தப் பையன் பேரை காலையிலேர்ந்து யோசிக்கறேன், வரவே மாட்டேங்குது.

ஒரே ஒரு கேள்வி. கிண்டல் இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். கோவம் வந்தா பின்ன என்ன சொல்லித்தான் திட்டறது?

---

மூணுசக்கரம் | வியாழன், மதியம் 1:40

தமிழ்ல திட்டுக்கா பஞ்சம்? கூறுகெட்டவனே, வெளங்காதவனே, உருப்படாதவனே, எடுபட்ட பயலே, மண்ணாந்தை, தத்தி. எங்க ஆத்தா 'வெந்ததைத் தின்னு விதி வந்தா சாவுற பயலே'ன்னு ஒரே மூச்சுல சொல்லும். எதுக்கும் எவன் காலும் வேணாம், எவன் சாதியும் வேணாம்.

---

உப்புக்காத்து | வியாழன், மதியம் 1:52

எவன் ஊரும் வேணாம்.

---

ஆத்தங்கரை | வெள்ளி, இரவு 9:33

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குச் சொல்லிட்டேன்.

டீ குடிக்கக் கூட்டிட்டுப் போனேன். அக்கா விஷயம் தெரியும்னு காட்டிக்கவே இல்ல. "போன வாரம் நான் சொன்ன ஏர்வாடி ஜோக்கு தப்புண்ணே. ஏர்வாடிக்காரர் ஒருத்தர்கிட்ட பேசினப்பதான் உறைச்சுது"ன்னேன். (உப்புக்காத்து அண்ணே, உங்களைத்தான் சொன்னேன்.) கொஞ்ச நேரம் கிளாஸையே சுத்திக்கிட்டு இருந்தார். அப்புறம் அவராவே, "எங்க அக்கா அங்க இருந்துச்சு"ன்னார்.

நான் கேட்டுட்டேன், "அப்புறம் ஏண்ணே சிரிச்சீங்க?"

"சிரிக்காம இருந்தா ஏன்னு கேப்பீங்கள்ல."

வேற ஒண்ணும் பேசல. காசு அவரே கொடுத்தார். திரும்பி வர்றப்ப மட்டும் ஒரு விஷயம் கேட்டார், எனக்குத் தெரியல, அதான் இங்க கேக்கறேன். அந்த 14416ன்னு ஒரு அரசு மனநல உதவி நம்பர் விளம்பரத்துல வருதே, அதுல தமிழ்ல பேசுவாங்களா? அக்காவுக்கு இல்லையாம். அக்காவை அங்க கூட்டிட்டுப் போய் விட்டது அம்மாதானாம். இத்தனை வருஷமா ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கறாங்களாம்.

---

டேங்க்ரோடு அக்கா | வெள்ளி, இரவு 9:41

பேசுவாங்கப்பா. தமிழ்லயே பேசுவாங்க. மூணு மணிக்கும் எடுப்பாங்க.